மொசாம்பிக் ஸ்பெசிமன் நோட்டு: கைக்கு வந்து நழுவினது யாருக்காவது உண்டா?

கடலூர்க்காரன்:

ஸ்பெசிமன்னா புழக்கத்துக்கு விடாம, மாதிரிக்குன்னு அடிச்சு ஓட்டை குத்தி வங்கிகளுக்கு அனுப்புற நோட்டு. 2014, போர்த்துகல் தலைநகர் லிஸ்பன். ஆபீஸ் வேலையா பத்து நாள். சனிக்கிழமை ஃபெய்ரா தா லாத்ரா சந்தை. போனவங்களுக்குத் தெரியும், தரையில போர்வையை விரிச்சு வீட்டுல இருக்கிற தட்டுமுட்டு எல்லாத்தையும் கொட்டி வச்சிருப்பாங்க. ஒரு பெரியவர்கிட்ட பழைய ரேடியோ, சாவிக்கொத்து, நடுவுல ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே நோட்டு. மேல இருந்ததுல மொசாம்பிக்கோட முதல் ஜனாதிபதி சமோரா மாஷெல் முகம். தேதி 25-6-1976.

நானும் மொசாம்பிக் ஓரளவு சேர்த்தவன்தான். அந்த நாட்டுப் பணம் மெத்திக்கல் வந்தது 1980 ஜூன் 16னு மனப்பாடம். இதுலயோ 'மெத்திக்கா'ன்னு இருக்கு. பேரும் தப்பு, வருஷமும் தப்பு, எவனோ பொழுதுபோகாம அச்சடிச்சதுன்னு முடிவு கட்டிட்டேன். பெரியவர் உறையை வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சார். அவர் கட்டைவிரல்ல பிளாஸ்திரி, அது சரியா மாஷெலோட தாடியை மறைச்சுது. நோட்டுல குத்தியிருந்த ஓட்டை வழியா வெயில் ரெண்டு பொட்டா அவர் சட்டைப்பை மேல விழுந்துச்சு. நாற்பது யூரோன்னார். நான் சிரிச்சுட்டு நகர்ந்துட்டேன். அந்தச் சிரிப்புதான் இப்பவும் உறுத்துது.

ஊருக்கு வந்து கேட்டலாக்கைப் புரட்டினா, போர்த்துகீசியர் காலத்துப் பணமான எஸ்குடோவுக்குப் பதிலா முதல்ல கொண்டுவர நெனச்சதே மெத்திக்காதான். 1975னு போட்டுக் காசுகூட அடிச்சு, வெளிய விடாம பெரும்பாலும் உருக்கிட்டாங்க. நோட்டு ஸ்பெசிமனோட நின்னுபோச்சு. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

நோட்டுப்பித்தன் மதுரை:

அன்பரே, எனக்கு நேர்மாறு. நீங்கள் அசலை விட்டீர்கள், நான் போலியை வாங்கினேன். ஒரு கண்காட்சியில் 1980 ஆயிரம் மெத்திக்கல், மாஷெலும் மூன்று சிறுவர்களும் இருப்பது, குறுக்கே சிவப்பில் ஸ்பெசிமன் என்று அடித்தது. வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிவப்பு மை நடுமடிப்பின் விரிசலுக்குள் இறங்கியிருந்தது. மடிந்து, கசங்கி, சந்தையில் மீன் வாங்கிய பிறகு வைத்த முத்திரை! விற்றவர் அடுத்த வருடம் கடையே போடவில்லை.

ஆகவே புதியவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒன்று, வரிசை எண் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால்தான் அசல் ஸ்பெசிமன். இரண்டு, மூலையில் பொடி எழுத்தில் ஸ்பெசிமன் எண் தனியாக இருக்கிறதா பாருங்கள். மூன்று, ஓட்டையின் ஓரம் கத்தரித்த மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். ஊசியால் குத்தியிருந்தால் பின்பக்கம் மேடு தட்டும், விரலுக்கே தெரியும். நோட்டைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். கடையில் கிடைக்கும் மலிவு உறை நாளாக நாளாகப் பிசுபிசுத்து மையை உரித்துவிடும், பாலியெஸ்டர் உறைதான் சரி. ரப்பர் பேண்டு கூடவே கூடாது. பீரோவில் அந்துருண்டையும் வேண்டாம். என் மைத்துனர் வேப்பிலை போட்டு வைத்தார், கினி-பிசாவ் நோட்டில் இன்றும் பச்சைக்கறை. வாங்கும்போது ரசீது கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். மனைவியிடம் விலையைப் பாதி சொல்லுங்கள்.

மபுத்தோ மணி:

மதுரை ஐயா, கோவிச்சுக்காதீங்க, பூஜ்யம் இருந்தாத்தான் அசல்னு சொல்றது அரைகுறை. எழுபதுகளோட கடைசியில சேகரிக்கிறவங்களுக்காகவே செட் செட்டா வித்தாங்களே, எண்ணுக்கு முன்னால மால்டீஸ் சிலுவை போட்டு? அதுல பூஜ்யம் எங்க இருக்கு, நிஜ எண்தானே? உங்க பேச்சைக் கேட்டா அத்தனையையும் குப்பையில போடணும். மடிப்புல மை இறங்கினதைப் பார்த்தீங்களே, அது அருமை. அதோட நிறுத்தியிருக்கலாம்.

என் விஷயத்துக்கு வர்றேன். 2006, மொசாம்பிக் தலைநகர் மபுத்தோவுல வேலை. ஜூலையில மூணு சைபரை வெட்டி, ஆயிரம் பழைய மெத்திக்கலுக்கு ஒரு புது மெத்திக்கல்னு மாத்தினாங்க. கூட வேலை பார்த்தவர் வீடு பக்கத்து ஊரான மத்தோலாவுல. ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். நான் நோட்டு சேர்க்கிறவன்னு அவர் அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. உள்ள போய் பைபிளை எடுத்துட்டு வந்தாங்க. நடுவுல நாலா மடிச்ச ஆயிரம் எஸ்குடோ. போர்த்துகல் ராஜா அஃபோன்சு படம், மேல கறுப்புல 'பாங்கு தெ மொசாம்பிக்'. 1976ல புது நோட்டு தயாராகிற வரைக்கும் பழசு மேலயே பேங்க் பேரை அடிச்சு விட்டாங்களே, அது.

1980ல எஸ்குடோவை ஒண்ணுக்கு ஒண்ணு மெத்திக்கலா மாத்தினப்ப அவங்க ஊர்ப்பக்கம் இருந்தாங்களாம், திரும்பி வர்றதுக்குள்ள கெடு முடிஞ்சுபோச்சு. இப்ப மறுபடி மாத்துறாங்களே, இதையும் வாங்கிக்குவாங்களான்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். "மேல எழுத்து அடிச்சிருக்கே, உங்களை மாதிரி ஆளுங்க இதுக்கு நிறைய கொடுப்பாங்கன்னு பையன் சொன்னானே?" அது ஸ்பெசிமனுக்கும்மா, இது கட்டுக்கட்டா மடிப்பே இல்லாம கிடைக்குது, எங்க ஊர்லயே சல்லிசுன்னு சொல்லிட்டேன். உண்மைதான். அவங்க அதே நாலு மடிப்புல மடிச்சு, அதே பக்கத்துல வச்சு, பைபிளை மூடி, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோங்கன்னாங்க. ஒரு நூறு டாலர் கொடுத்து நானே வாங்கியிருந்தா என்ன குறைஞ்சுபோயிருப்பேன்?

சேலத்து சீனு:

மொசாம்பிக் மட்டும்தானா? கினியாவை விட்டுட்டீங்களே. 1958ல பிரான்ஸ் தலைவர் டி கோலுக்கு முகத்துக்கு நேரா உங்க கூட்டு வேண்டாம், விடுதலைதான் வேணும்னு சொன்ன நாடு, 1960 மார்ச் 1ல பிரான்ஸோட ஃபிராங்கு நாணய வட்டாரத்தை விட்டு வெளியேறி சொந்த நோட்டு போட்டுச்சு. பிரெஞ்சு உளவுத்துறை அந்த நோட்டை ரகசியமா கள்ளத்தனமா அச்சடிச்சு உள்ளே கொட்டுச்சு. பாரிஸ்ல ஒரு கடையில கினியா ஜனாதிபதி செக்கு தூரே படம் போட்ட 1960 ஸ்பெசிமன் கேட்டேன். கடைக்கார அம்மா எடுத்துக் கொடுத்துட்டு, "இது நிஜமான ஸ்பெசிமன், எங்க ஆளுங்க அடிச்சதில்ல"ன்னாங்க, கண்ணுகூட இமைக்கல. சிரிக்கிறதா வேண்டாமான்னு தெரியல. வாங்கிட்டேன்.

மணி சார், நூறு டாலர் கொடுத்திருந்தா அந்த அம்மா பக்கத்து வீட்டுல இருக்கிறதெல்லாம் கொண்டுவந்து கொட்டியிருப்பாங்க. விடுங்க.

நோட்டுப்பித்தன் மதுரை:

மணி அவர்களுக்கு: மால்டீஸ் சிலுவை செட் வங்கிகளுக்கு அனுப்பிய மாதிரி நோட்டு அல்ல, விற்பனைச் சரக்கு. அதை நான் ஸ்பெசிமன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வேப்பிலை விஷயத்தில் யாரும் மறுக்காததற்கு நன்றி.

மபுத்தோ மணி:

அதுலயும் ஸ்பெசிமன்னு அடிச்சிருக்கேய்யா! போதும், நான் விட்டுட்டேன்.

சேலத்து சீனு:

கடலூர் அண்ணே, ஒரு போட்டோவாவது எடுத்தீங்களா? மெத்திக்கா ஸ்பெசிமனை நேர்ல பார்த்த ஆளே நம்மள்ல வேற இல்ல.

கடலூர்க்காரன்:

எடுத்தேன் தம்பி, ரேடியோவை. அப்பாகிட்ட அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அவருக்குக் காட்டலாம்னு. படத்தோட வலது ஓரத்துல உறையோட மூலை மட்டும் விழுந்திருக்கு. பெருசு பண்ணிப் பார்த்தா ஒரு ஓட்டையும், அதுக்குப் பக்கத்துல 5ங்கற எழுத்தும் தெரியுது. அது 5ஆ 50ஆன்னு சொல்ல முடியல, அதுக்கு மேல ரேடியோவோட ஆண்டெனா வந்து மறைக்குது.