எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பல்ஜ்: வலிக்கு அதுதான் காரணமா?

கேட்டவர்: மலர்
ரிப்போர்ட்டில் "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்" என்று இருக்கிறது. இடுப்பில் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டு புடைத்திருக்கிறதாம். வயது 42. வலி இடுப்போடு நிற்கிறது, காலுக்கு இறங்கவில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கித் தூக்கி வந்ததா, பரம்பரையா? படுத்தே இருக்கச் சொல்கிறார்கள், சரியா?

பதில்: பிசியோ_குமரன்
வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஆய்வு 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருந்தது, 40 வயதில் 50, 80 வயதில் 84. ஆக உங்கள் வயதில் பாதிப் பேருக்கு இருப்பதுதான். அந்த இடத்தில் நரம்பு நசுங்கினால் பெரும்பாலும் வலி காலின் வெளிப்பக்கமாகப் புறங்கால்வரை ஓடும், பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். குதிகாலில் நடக்கச் சொல்லிப் பார்ப்பது அதற்காகத்தான். இரண்டும் இல்லையென்றால் பல்ஜைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

நாள்கணக்கில் படுக்காதீர்கள். வலி தாங்குகிற அளவுக்கு நடமாடுபவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பதில்: சுமைக்கணக்கு
பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. பின்லாந்தில் இரட்டையர்களை ஒப்பிட்டபோது, வேலையின் கடுமையைவிட மரபுதான் டிஸ்க் தேய்மானத்தை அதிகம் விளக்கியது. புகைப்பழக்கமும் கூடவே சேர்கிறது.

ஆனால் வலி இருக்கும்போது தூக்கும் விதம் முக்கியம். 1999இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில் ஒருவரின் இதே எல்4-எல்5 டிஸ்க்குக்குள் அழுத்தமானியைச் செருகி அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3, முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. அதையே உடம்போடு அணைத்துப் பிடித்தால் 1.1தான். ஒரே ஒருவரிடம் அளந்தது என்றாலும், சுமை உடம்புக்கு நெருக்கமாக இருந்தால் டிஸ்க்கில் அழுத்தம் குறைகிறது என்பது இதில் தெரிகிறது.

கேன் பாதங்களுக்கு நடுவில் வரட்டும். குந்தி, முதலில் தொடைமேல் ஏற்றி, பிறகு மார்போடு அணைத்து எழுங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்துங்கள். தூங்கும்போது டிஸ்க் நீர் உறிஞ்சி ஊதியிருக்கும், அதனால் காலையில் எழுந்தவுடன் கேனைத் தூக்க வேண்டாம்.

கேட்டவர்: மலர்
கேன் தரையில்தான் இருக்கும், கை நீட்டித்தான் எடுக்க முடியும்.

பதில்: சுமைக்கணக்கு
அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் சுமை தூக்கும் சூத்திரம் சாதகமான நிலையில் 23 கிலோவரை அனுமதிக்கிறது. சுமை உடம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப்போனால் அது பாதியாகிறது. தரைமட்டத்திலிருந்து எடுத்தால் இன்னும் சுருங்கி 9 கிலோவுக்கு வந்துவிடும். உங்கள் கேனோ 20 கிலோ. கேன் வாயில் மாட்டுகிற சார்ஜ் பம்ப் வாங்கிவிடுங்கள். கேன் போடுபவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.