பழைய கஞ்சில் பின்விளக்கு: பல்பு வாங்குறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க

எங்க வீட்ல ஓடுறது 2003 பெரோடுவா கஞ்சில், மலேசியக் குட்டிக் காடி (கார்). அப்பா வாங்குனது. இப்ப ஜெலுத்தோங்கிலருந்து பிறைக்கு நான்தான் வேலைக்கு ஓட்டிட்டுப் போறேன். என்ஜின் இன்னும் தங்கமா இருக்கு. தொல்லை குடுத்தது இடது பக்கப் பின்விளக்குதான்.

ஒருநாள் சிவப்பு விளக்குல நிக்கிறப்ப ஒரு மலாய்க்காரப் பையன் மோட்டாரைப் பக்கத்துல கொண்டாந்து கண்ணாடியைத் தட்டி, "காக், லம்பு பிரேக் மாத்தி"ன்னு, அதாவது அக்கா, பிரேக் லைட் எரியலன்னு மலாய்ல சொல்லிட்டுப் போனான். அந்தப் பையன் நல்லா இருக்கணும். வேலைக்குப் போக நான் தாண்டுற பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர். நடுவுல மழை கொட்டுச்சுன்னா முன்னாடி போற காடியோட சிவப்பு விளக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கஞ்சில் மாதிரி குட்டிக் காடியைப் பின்னால வர்ற கன்டெய்னர் லாரிக்காரர் கவனிக்கணும்னா அந்த விளக்கை விட்டா வேற வழியே இல்ல.

வீட்டுப் பக்கத்து ஒர்க்ஷாப்ல பல்பு மாத்துனாங்க. கொஞ்ச நாள் எரிஞ்சுது, திரும்ப அணைஞ்சுது. மறுபடி போனா, "பழைய காடி, வயரிங்கை மொத்தமா மாத்தணும், 350 வெள்ளி ஆகும்"னாங்க. எந்த இடத்துல கோளாறுன்னு கேட்டேன், பதில் இல்ல. காடியை எடுத்துட்டு வந்துட்டேன்.

பட்டர்வொர்த்துல ஒரு போமென் (மெக்கானிக்) அண்ணன் இருக்காரு, அப்பாவுக்குப் பழக்கம். அவர் டெஸ்டர் எதையும் எடுக்கல. "தங்கச்சி, இடது சிக்னலைப் போட்டுட்டு பிரேக்கை மிதிம்மா"ன்னு சொல்லிட்டுப் பின்னாடி போய் நின்னாரு. நான் மிதிச்சதும் சிக்னல் மங்கிருச்சு. "பல்பு நல்லாத்தான்மா இருக்கு. எர்த்து போச்சு, கரண்ட் பாடிக்குத் திரும்பிப் போற இணைப்பு."

ஒரு வயரோட ஒரு முனையை பாடியில வச்சு, மறு முனையை சாக்கெட்ல தொட்டாரு. பிரேக் லைட் பளிச்சுன்னு வந்துச்சு!

அப்புறம் விளக்கைக் கழட்டிக் காட்டுனாரு. பித்தளைத் தகடு பச்சையா பூத்துக் கிடந்துச்சு. சுத்தி இருந்த ரப்பர் காஞ்சு, விரல் பட்டதும் பொடியா உதிர்ந்துச்சு. தண்ணி அது வழியாத்தான் உள்ள இறங்கியிருக்கு. அந்தப் பல்புல ரெண்டு இழை: ராத்திரி விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். கரண்ட் திரும்பிப் போக ரெண்டுக்கும் ஒரே எர்த்துதான், சிக்னலுக்கும் அதே எர்த்து. அது அரிச்சுப்போச்சுன்னா ஒண்ணு எரியிறப்ப இன்னொண்ணு மங்கும்.

உப்புத்தாள் போட்டுத் தகட்டைத் தேய்ச்சாரு. பாடியில பெயின்டைச் சுரண்டி புது எர்த் வயரைத் திருகி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவி, ரப்பரையும் மாத்துனாரு. கூலியோட 45 வெள்ளி. அதுக்கப்புறம் எத்தனையோ மழை பார்த்தாச்சு, ஒரு தொந்தரவும் இல்ல.

பல்பை நீங்களே மாத்துறதா இருந்தா அடியில இருக்கிற ரெண்டு முள்ளைப் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருக்கும். அழுத்தித் திருப்புனா ஒரு வாக்குலதான் உக்காரும். முரட்டுத்தனமா மாத்திப் போட்டா, லைட் போட்டதுமே பிரேக் பிடிச்ச மாதிரி பளிச்சுன்னு எரியும்; பின்னால வர்றவங்க குழம்பிப் போவாங்க. எல்.இ.டி. எனக்குச் சரிப்படல. சிவப்புக் கண்ணாடிக்குள்ள வெள்ளை எல்.இ.டி. ரோஸ் கலர்ல தெரியுது, சிக்னல்ல போட்டா படபடன்னு வேகமா அடிக்குது.

விளக்குக் கண்ணாடி உடைஞ்சிருந்தா போத்தோங் கடையில, அதான் பழைய காடி சாமான் விக்கிற கடையில தேடலாம். பழசைக் கையோட கொண்டு போங்க, கஞ்சில்ல மாடலுக்கு மாடல் விளக்கு வேற வேற.

தனியா செக் பண்ண, ராத்திரி காடியை ரிவர்ஸ்ல சுவத்துப் பக்கம் நிறுத்தி பிரேக்கை மிதிச்சுட்டு கண்ணாடியில பாருங்க, சுவத்துல வெளிச்சம் தெரியும். ரெண்டு பக்கமும் இல்லன்னா முதல்ல ஃபியூஸ், பிறகு பெடல் மேல இருக்கிற சுவிட்ச். ஒரு பக்கம் மட்டும் இல்லன்னா எர்த்து, பல்பு, இல்லாட்டி சாக்கெட்.