பாட்டு வீடே அதிருது, பேச்சு மட்டும் கேட்கலை

வணக்கம். ஒரு வருஷமா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டிலேயே அம்மாகூடப் படம் பார்க்கிறேன். பழைய படங்களில் பிரச்சினையே இல்லை. ‘உதிரிப்பூக்கள்’ (1979), ‘வீடு’ (1988) ரெண்டிலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு. புதுப் படம் போட்டால்தான் வம்பு. ‘மெய்யழகன்’ (2024) படமே பேச்சுதான். அதில் பாதி அம்மாவுக்குப் புரியலை. சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசை வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்.

டிவி 43 இஞ்ச் ஆண்ட்ராய்டு, 2021-ல் வாங்கியது. உள்ளேயே ரெண்டு ஸ்பீக்கர், 20 வாட்ஸ். ஊர் கும்பகோணம். ஹால் சின்னது, 12-க்கு 10 அடி. டிவி சுவரில் மாட்டியிருக்கு, ஸ்பீக்கர் கீழ்நோக்கி.

செய்து பார்த்தவை: சவுண்ட் மோடை ‘ஸ்பீச்’சுக்கு மாற்றினேன், கொஞ்சம் தேவலை, ஆனால் குரல் தகரம் மாதிரி. டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி வடிவம்) ஆக்கினேன், வித்தியாசமில்லை. ஃபேக்டரி ரீசெட்டும் ஆச்சு. படம் பார்க்கிற ஆப்பில் 5.1-க்கு (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டிக்கான ஒலி) பதிலா ஸ்டீரியோ (ரெண்டு ஸ்பீக்கருக்கான) ஆடியோ இருக்கிற படங்களில் மட்டும் பரவாயில்லை, எல்லாப் படத்துக்கும் அது கிடைப்பதில்லை. தம்பியோட 2.1 சவுண்ட்பாரை (இடம் வலம் ஸ்பீக்கர், தனி பேஸ் பெட்டி) கொண்டுவந்து மாட்டினேன். பேஸ்தான் கூடுச்சு!

5.1-ல் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் வருது, அதை ரெண்டு ஸ்பீக்கருக்குள் திணிக்கும்போது அமுங்கிடுதுன்னு படிச்சேன். சப்டைட்டில் யோசனை வேண்டாம், அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது.

15,000 ரூபாய்க்குள், நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள 3.1 சவுண்ட்பார் வாங்கினால் வசனம் நிஜமாவே தெளிவாகுமா? வீட்டில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்க.