தோடர் சால்வை: கைவேலையா, மெஷினா?

நண்பர்களே, அம்மாவுக்கு ஊட்டியில் தோடர் எம்பிராய்டரி சால்வை வாங்கணும். 2013-லேயே புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு இது. ஆனால் மெஷினில் போட்டதையும் அதே பெயரில் விற்கிறார்கள், மனசு கேட்கவில்லை.

தோடர் பெண்கள் துணியில் எதுவும் வரையாமல், இழையை எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலைக் கோப்பார்கள். ஊசி திரும்பும் இடத்தில் நூல் குட்டி வளையமாகத் துருத்தி நிற்கும், தடவினாலே தெரியும். மெஷின் வேலையில் பின்பக்கம் பாபின் நூல் (மெஷினின் அடியிலிருந்து வரும் நூல்) ஒரே சீராக ஓடும். சிலதில் தாள் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும்.

என் சந்தேகம், டிசைனை நெசவிலேயே கொண்டுவந்த துணியை எப்படிக் கண்டுபிடிப்பது? புவிசார் குறியீட்டு முத்திரையை மட்டும் நம்பலாமா? தைக்கும் பெண்களிடமே நேரடியாக வாங்க முடிந்தால் இன்னும் சந்தோஷம். விவரம் தெரிந்தவர்கள், சால்வையின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி படம் போட்டு விளக்குங்களேன்.