ஸ்பிட்ஃபயர் மாடலின் இறக்கை முனையைக் குறைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 5-இன் பிளாஸ்டிக் மாடலை 1/72 அளவில் (அசலில் 72-இல் ஒரு பங்கு) கட்டத் தொடங்கியிருக்கிறேன். பெட்டியில் வளைந்த முனை கொண்ட இறக்கைகள் மட்டுமே உள்ளன. எனக்கு வேண்டியதோ தாழ்வான உயரத்தில் பறப்பதற்காக முனை நீக்கப்பட்ட வடிவம். எந்த இடத்தில் வெட்ட வேண்டும்? மேல், கீழ்ப் பாகங்களை ஒட்டுவதற்கு முன்பா, பின்பா?

மறுமொழி 1:
ஒட்டிப் பசை நன்கு இறுகிய பின்பு வெட்டுவதே நல்லது. தனித்தனியாக வெட்டினால் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று பொருந்துவது அரிது. உண்மையான விமானத்தில் முனைக்கு முனை நீளம் 11.23 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 9.9 மீட்டராகக் குறைந்ததால், உங்கள் அளவில் பக்கத்துக்குச் சுமார் 9 மி.மீ. போகும். அய்லரானின் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) வெளி ஓரம் இந்த வெட்டுக்கோட்டுக்குச் சற்று உள்ளே அமைய வேண்டும். எக்காரணம் கொண்டும் அய்லரானை வெட்டிவிடாதீர்கள்.

மறுமொழி 2:
கோட்டிலேயே ரம்பத்தை வைக்காமல் அரை மி.மீ. வெளியே அறுத்து, மீதியை உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவாருங்கள். வெட்டிய முகத்தில் உள்வெற்றிடம் தெரிந்தால், பிளாஸ்டிக் தகட்டுத் துண்டைச் செருகி, சூப்பர் க்ளூவால் நிரப்பி, அது கல்லாக இறுகுவதற்குள் தேய்த்துவிடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால் இறக்கை கத்தரித்த அட்டைபோல் தெரிகிறது. அசலில் அந்த இடத்தை மூடிய உறையின் விளிம்பு மேலும் கீழும் உருண்டிருக்கும்.

மறுமொழி 3:
மார்க் 5 விமானங்கள் எல்லாவற்றுக்கும் முனை நீக்கப்படவில்லை. நீங்கள் ஒட்டப்போகும் டெக்காலுக்குரிய (விமானத்தின் எழுத்துகளும் சின்னங்களும் கொண்ட ஒட்டுப்படம்) விமானத்தின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ரம்பத்தை எடுங்கள்.