‘செயின் ஆஃப் கஸ்டடி’: ஒப்படைப்புத் தொடர் என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே.

போன வாரம் ‘செயின் ஆஃப் கஸ்டடி’க்கு, அதாவது சான்று பெற்ற சரக்கு கைக்குக் கை போகும்போது கணக்கு விடாமல் கண்காணிக்கும் ஏற்பாட்டுக்கு, இங்கே தமிழ் கேட்டிருந்தேன். காவல் தொடர், பாதுகாப்புச் சங்கிலி, கலவாத் தொடர் என்று மூன்று சொற்கள் வந்தன. மூன்றையும், தொழிலாளர்களுக்கு நான் விளக்கத் தாள் எழுதித் தருகிற ஆலையில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருள். கடல் மீனுக்கு, வளம் குன்றாத மீன்பிடிப்புக்குச் சான்று தரும் எம்எஸ்சி அமைப்பின் நீல முத்திரை கிடைக்க இரண்டு சான்றுகள் வேண்டும். ஒன்று மீன்பிடிப்புக்கு: மீன்வளம் குன்றாமல் இருக்கிறதா, சுற்றியுள்ள உயிர்களுக்குக் கேடு குறைவா, நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்னொன்று, கரைக்கு வந்த மீனை அடுத்தடுத்து விலைக்கு வாங்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும். நமக்குச் சொல் வேண்டியது இந்த இரண்டாவதற்கு. பண்ணை இறாலுக்கான ஏஎஸ்சி முத்திரைக்கும் இதே ஏற்பாடுதான். நான் சொன்ன ஆலை மலேசியாவின் செபராங் பிறையில் உள்ள இறால் ஆலை.

கேரளத்தின் அஷ்டமுடி ஏரி மட்டிக்கு 2014இல் எம்எஸ்சி சான்று கிடைத்தது, இந்தியாவிலேயே முதலாவதாக. அந்த மட்டியை வேகவைத்து ஓடு நீக்கிவிட்டால் அது எந்த ஏரி மட்டி என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. இறாலும் அப்படித்தான். தலையைக் கிள்ளித் தோலை உரித்து ஐஸில் போட்டுவிட்டால் எல்லாம் ஒன்று. அதனால் இந்த இரண்டாவது சான்று கேட்பது இவை: சான்று பெற்றவரிடம் மட்டும் வாங்கு, அடையாளம் ஒட்டு, தனியே வை, எவ்வளவு வந்தது எவ்வளவு போனது என்று எழுது, இவை நடக்கிறதா என்று கவனிக்க ஆளை வை. ஓரிடத்தில் இது அறுந்தால் அந்தச் சரக்குக்கு அதன்பின் முத்திரை கிடையாது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘காவல்’ என்றதும் தரம்பிரிக்கும் வரிசையில் ஒரு தங்கை கேட்டாள்: “அக்கா, போலீஸ் வந்து சோதிப்பாங்களா?” காவல் தெய்வம், காவல்காரர் எல்லாம் நம் வழக்கில் உண்டு என்று ஐயா ஒருவர் இங்கே எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் தொழிற்சாலைச் சுவரில் அந்தச் சொல்லை ஒட்டினால் பயம்தான் முதலில் வருகிறது. வேலை பெர்மிட்டோடு வந்திருக்கும் பிள்ளைகளை அது தேவையில்லாமல் கலங்கடிக்கும். ‘பாதுகாப்பு’ என்றால் கையுறை, தொப்பி, சுத்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

‘கலவாத் தொடர்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மீனைப் பொறுத்தவரை அது உயிர்நிலையைத் தொடுகிறது. தடை வேறு பக்கத்திலிருந்து வந்தது, அதுவும் நம் செம்பனையிலிருந்து. செம்பனை எண்ணெய்க்குச் சான்று தரும், கோலாலம்பூரில் செயலகம் வைத்திருக்கும் ஆர்எஸ்பிஓ அமைப்பு, சான்று பெற்ற எண்ணெயையும் பெறாததையும் கலந்து, கணக்கை மட்டும் நேராக வைத்துக்கொள்ளும் முறையையும் ஏற்கிறது. 2020இல் வந்த ஐஎஸ்ஓ 22095 தரமும் அந்த முறையை இதே தலைப்பின் கீழ்தான் வைக்கிறது. கலக்கலாம் என்கிற முறைக்கு ‘கலவா’ என்று எப்படிப் பெயர் வைப்பது? ஒவ்வொரு துறைக்கும் ஒரு சொல் என்று போனால் கலைச்சொல் நிற்காது. கலவாமையை ஒரு வகைக்குப் பெயராக வைத்துக்கொள்வோம். மீனும் இறாலும் கலவா வகை.

என் பரிந்துரை ‘ஒப்படைப்புத் தொடர்’. ஒருவர் தன் பொறுப்பிலிருந்த பொருளைக் கணக்கோடு அடுத்தவரிடம் கொடுப்பதைத்தான் ஒப்படைப்பது என்கிறோம். வெறுமனே கொடுப்பது ஒப்படைப்பு ஆகாது. சொல்லுக்குள்ளேயே ‘ஒப்பு’ இருக்கிறது; கொடுத்த எடையும் வாங்கிய எடையும் ஒத்துப்போக வேண்டும் என்பது அதில் கேட்கிறது. இதே ஆங்கிலச் சொல் வழங்கும் நீதிமன்றத்துக்கும் பொருந்தும்: தடயம் ஆய்வகத்துக்குப் போய்த் திரும்புவதும் ஒப்படைப்புதான். ‘கைமாற்றுத் தொடர்’ என்றும் யோசித்தேன், ஆனால் கைமாற்று நமக்குக் கடன்.

ஆலையில் விளக்கம் எதுவும் சொல்லாமல் இந்தச் சொல்லை மட்டும் சொல்லிப் பார்த்தேன். பெட்டி தூக்கும் அண்ணன் உடனே, “அப்போ லாட் நம்பர் இல்லாத பெட்டிய நான் வாங்கவே கூடாது, அதானே?” என்றார். அன்றைக்கு எனக்கிருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

தொடரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘கண்ணி’ என்று வைக்கலாம். சங்கிலிக்கும் கண்ணி, வலைக்கும் கண்ணி. மீன்காரர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்.

ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. சரக்கை ஏற்றிச் செல்லும் லாரிக்காரரிடமும் நாம் ஒப்படைக்கத்தான் செய்கிறோம். ஆனால் சரக்கு அவருக்குச் சொந்தமாவதில்லை என்பதால் பொதுவாக அவருக்குத் தனிச் சான்று தேவையில்லை. பிரிக்காமல் அப்படியே விற்கும்படி மூடி முத்திரையிட்ட பொட்டலத்தை விற்கும் கடைக்கும், சரக்கு அதற்குச் சொந்தமானாலும், தனிச் சான்று தேவையில்லை. இதைச் சொல்லால் காட்ட முடியவில்லை, வரையறையில்தான் எழுத வேண்டும்: ‘சரக்கை உரிமையாக வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு கண்ணி, மூடிய பொட்டலத்தை அப்படியே விற்கும் கடை தவிர’ என்று எழுதியிருக்கிறேன்.

தாள் திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த வரியை இன்னும் எளிமையாக்க முடியுமென்றால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். ‘உரிமை’ என்ற சொல் அங்கே உறுத்துகிறது.