9 மணி ஸ்கூல், 8 மணி ட்ரெயின், நடுவுல பையன யார் பாத்துக்கிறது?

டோம்பிவிலி_அம்மா:
பாம்பேல ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க யாராவது வழி சொல்லுங்க, மண்டை காயுது. வீடு டோம்பிவிலி ஈஸ்ட், எனக்கு ஆபீஸ் சவுத் பாம்பே ஃபோர்ட்ல, 9.30க்கு பன்ச், மூணு லேட் ஆனா அரை நாள் லீவு போயிடும். எட்டு மணிக்குள்ள ஒரு ஃபாஸ்ட் ட்ரெயின்ல தொத்தலன்னா அன்னிக்கு அவ்ளோதான். பெரியவ அஞ்சாவது, 6.30க்கே கிளம்பிடுவா, அவ பிரச்சனை இல்ல. சின்னவன் ஜூனியர் கேஜி. 2019ல பெரியவ இதே கிளாஸ் படிச்சப்ப 7.30க்கு ஸ்கூல், விட்டுட்டு அப்படியே ஸ்டேஷனுக்கு ஓடிடுவேன். இப்பதான் நாலாவது வரைக்கும் 9 மணிக்கு முன்னாடி வைக்கக் கூடாதுன்னு 2024 பிப்ரவரில மகாராஷ்டிரா கவர்மென்ட்ல ஜிஆர் (அரசாணை) போட்டுட்டாங்களே, குழந்தைங்களுக்கு தூக்கம் பத்தலையாம். சரி தூங்கட்டும், வேணாங்கல. ஆனா இவன் வேன் 8.30க்கு, நான் 7.35க்கு படி இறங்கணும். நடுவுல ஒரு மணி நேரம்?

இதுல இவன் சாப்பிடுற அழகு வேற. 7 மணிக்கு வாயில வெச்ச இட்லி 7.20க்கும் கன்னத்துல அப்படியே இருக்கு, முழுங்குடான்னா கண்ண உருட்டிப் பாக்குறான். வீட்டுக்காரருக்கு ஐரோலில யுஎஸ் ஷிப்ட், ராத்திரி 2 மணிக்குதான் கேப் கொண்டு வந்து விடும், பாவம் தூங்குவாரு. இப்போதைக்கு பக்கத்து ஃப்ளாட் ஆஜி (மராத்திப் பாட்டி) பாத்துக்கிறாங்க, அடுத்த மாசம் அவங்க புனேல மக வீட்டுக்குப் போறாங்க. மாமியார ஊர்லேந்து கூப்பிட்டா ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, முட்டி தாங்காதுங்கிறாங்க.

செம்பூர்_சீனியர்:
உன் பாட்டையெல்லாம் நான் பட்டுட்டு ரிட்டயர் ஆனவ மா. பக்கத்துல பாளணாகர், அதான் பிள்ளைங்கள பாத்துக்கிற இடம், விசாரி, டோம்பிவிலில சந்துக்கு சந்து இருக்கும், யாராவது ஒரு காக்கூ (அத்தை மாதிரி) வீட்டுல வெச்சே நடத்துவாங்க. 7.30க்கு விட்டுட்டுப் போனா வேன்ல அவங்களே ஏத்திடுவாங்க, கொஞ்சம் காசு சேத்துக் கேப்பாங்க, குடு. இட்லியும் அங்கயே சாப்பிடட்டும், நாலு பிள்ளைங்களோட உக்காந்தா தானா இறங்கும். அப்புறம் காலைல சப்பாத்தி தேய்க்கிறத நிறுத்து, சப்பாத்தியும் காயும் விக்கிற பொளிபாஜி கேந்திரத்துல வாங்கிக்கோ, அதுல ஒண்ணும் மானம் போயிடாது. காய சாயந்திரம் ட்ரெயின்லயே நறுக்கிடு. லேடீஸ் கம்பார்ட்மெண்ட்ல நான் ஆஞ்ச கீரைக்கு கணக்கே இல்ல, கூட உக்காந்தவங்களும் ரெண்டு கட்டு வாங்கி ஆஞ்சு குடுப்பாங்க, தானே ஸ்டேஷன் வர்றதுக்குள்ள உனக்கு முடிஞ்சிடும்.

ரூல்ஸ்_ராஜா:
உங்க ஆபீஸ்ல 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா க்ரெஷ் (குழந்தைகள் காப்பகம்) வசதி கண்டிப்பா குடுக்கணும், 2017ல மெட்டர்னிட்டி பெனிஃபிட் சட்டத்த திருத்தினப்பவே கொண்டு வந்துட்டாங்க. அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் குழந்தைய பாத்துட்டு வரலாம். ஹெச்ஆர்ட்ட எழுதிக் கேளுங்க, சும்மா விடாதீங்க.

டோம்பிவிலி_அம்மா:
@ரூல்ஸ்_ராஜா சட்டம் நல்ல சட்டம்தான் தம்பி, ஆனா காலைல எட்டு மணி ஃபாஸ்ட்ல ஒரு தடவ டோம்பிவிலில ஏறிப் பாருங்க. நானே ஒரு கால்ல நிக்கிறேன், இவன எங்க வைக்கிறது? அதுவும் இல்லாம ஸ்கூல் இங்க, க்ரெஷ் அங்க ஆபீஸ் பக்கம் விடி (சிஎஸ்எம்டி) ஸ்டேஷன் கிட்டயா?

முலுண்ட்_அப்பா:
எல்லாரும் ஆஜி, மாமியார், காக்கூன்னு ஊரெல்லாம் தேடுறீங்க, வீட்டுக்குள்ளயே ஒரு ஆம்பள படுத்திருக்காரே, அவர ஏன் யாரும் எழுப்பல? திட்டாதீங்க, நானும் ரெண்டு வருஷம் அதே ஷிப்ட் பண்ணினவன்தான். 2.30க்கு படுத்து 7.30க்கு எந்திரிச்சு, பொண்ண வேன்ல ஏத்திட்டு, 8.45க்கு திரும்ப படுத்து மதியம் வரைக்கும் தூங்கினேன், ஒண்ணும் ஆகல. மொதல் வாரம் தலைவலி இருக்கும், அப்புறம் பழகிடும். ஒரே ஒரு கண்டிஷன், நீங்க கிளம்பும்போது அவர் எந்திரிச்சு உக்காந்திருக்கணும். "ம்ம், எந்திரிக்கிறேன்"னு படுத்துட்டே சொன்னா நம்பாதீங்க. நான் அப்படி சொல்லி ஒரு தடவ வேன் டிரைவர் கீழ நின்னு ஹார்ன் அடிச்சு பில்டிங்கே எட்டிப் பாத்துச்சு.

செம்பூர்_சீனியர்:
இத நான் சொல்லியிருக்கணும். எங்க காலத்துல எழுப்புற தைரியம் இல்ல.

டோம்பிவிலி_அம்மா:
அப்டேட். திங்கக்கிழமை எழுப்பிட்டேன், மூஞ்சில தண்ணி அடிச்சுட்டு வந்து உக்காந்த அப்புறம்தான் செருப்பே போட்டேன். ட்ரெயின் கல்வா ஸ்டேஷன் தாண்டும்போது போன், "இவன் பெல்ட் எங்க?". முலுண்ட்ல இன்னொரு போன், "வாட்டர் பாட்டில் நீலமா பச்சையா?". அப்புறம் சத்தமே இல்ல, எனக்குதான் பக்குபக்குன்னு இருந்துச்சு. சாயந்திரம் வந்து பாத்தா பையன் ஷூவ இடம் வலம் மாத்திப் போட்டுட்டு போயிட்டு வந்திருக்கான், அத டீச்சரும் பாக்கல போல. ஆனா இட்லி மூணும் காலி. எப்படிங்கன்னு கேட்டா, "நான் ஊட்டவே இல்ல, தட்ட முன்னாடி வெச்சுட்டு சோபால கண்ண மூடிட்டேன், அவனே சாப்பிட்டான்"ங்கிறாரு. பாளணாகரும் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், இவருக்கு ஷிப்ட் மாறினா தேவைப்படும்.